கடலலையும் வானலையும்

நுழையும்முன்

கைப்பேசி இயங்காத ஒரு நாளைக் கற்பனை செய்வது இன்றைய தலைமுறைக்கு எளிதன்று. தூத்துக்குடி மாவட்டத்து மக்கள் அத்தகைய நாள்களைக் கற்பனையில் அல்லாமல் நேரிலேயே கண்டவர்கள். வெள்ளமும் புயலும் தொடர்பை அறுக்கும்போது, ஒருவர் தோளில் சுமக்கத்தக்க ஒரு பெட்டியைக் கொண்டு மீண்டும் பேச்சைத் தொடங்க முடியும். அந்தப் பெட்டிக்குள் இருப்பவை எவை, அவை ஏன் இருக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மழை அறுத்த தொடர்பு

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. தாமிரபரணியின் கீழ்ப்பகுதி முழுவதும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மறுநாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர். மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைக் காட்டிலும் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது மிகுதி. குளங்கள் உடைந்தன, சாலைகள் துண்டிக்கப்பட்டன, ஊர்கள் தீவுகளாயின.

அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவுத் தொடர்வண்டி ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தைத் தாங்கும் ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. வண்டியில் இருந்தோர் ஏறத்தாழ 800 பேர். ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளியில் தங்கவைக்கப்பட்டனர். எஞ்சியோர் வண்டியிலேயே இருந்தனர். 19ஆம் நாள்தான் அவர்கள் மீட்கப்பட்டார்கள். உணவைக் கொண்டுசேர்க்க ஹெலிகாப்டர் வரவேண்டியிருந்தது.

இந்நாள்களில் மக்களைப் பசியைவிட அதிகமாக வாட்டியது செய்தியின்மை. மின்சாரம் இல்லை, கைப்பேசித் தொடர்பும் பல இடங்களில் அற்றுப்போயிற்று. சென்னையிலும் பெங்களூருவிலும் வளைகுடா நாடுகளிலும் இருந்த உறவினர்கள் அழைத்தபடியே இருந்தனர். மறுமுனையில் மணி அடிக்கவில்லை. எந்த ஊரில் எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள், எவருக்கு மருந்து தேவை என்பவற்றை அறியாமல் படகை எங்கே அனுப்புவது?

கைப்பேசிக் கட்டமைப்பு வெள்ளத்தில் ஏன் செயலிழக்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். கையிலுள்ள கருவி நேராக மற்றவர் கருவியுடன் பேசுவதில்லை. அது அருகிலுள்ள கோபுரத்துடன் பேசுகிறது. கோபுரம் கண்ணாடி இழை வடத்தின் வழியாகவோ நுண்ணலை இணைப்பின் வழியாகவோ தொலைவிலுள்ள நிலையத்துடன் பேசுகிறது. அங்கிருந்து வேறொரு கோபுரத்திற்குச் செய்தி செல்கிறது. மின்தடை ஏற்பட்டால் கோபுரத்தின் மின்கலன்கள் சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் மின்னாக்கி வேண்டும். டீசல் தீர்ந்தால் அதைக் கொண்டுவரச் சாலை வேண்டும். சாலையோ நீருக்கடியில் கிடக்கிறது. பாலம் உடையும்போது அதன் ஓரமாகச் செல்லும் இழை வடமும் உடன் அறுகிறது. கோபுரங்கள் ஒன்றிரண்டு உயிருடன் இருந்தாலும் ஊரே ஒரே நேரத்தில் அழைப்பதால் திணறிப் போகின்றன. இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பேச்சு நின்றுவிடும்.

கண்ணிகளே இல்லாத ஒரு தொடர்பு முறை உண்டு. ஒரு கருவியிலிருந்து எழும் அலை, இடையில் எந்த நிறுவனத்தின் கோபுரத்தையும் நாடாமல், நேராக மற்றொரு கருவியை அடையும் முறை அது. அமெச்சூர் வானொலி என்றும் ஹாம் வானொலி என்றும் அது அழைக்கப்படுகிறது.

ஆர்வலர்களின் வானொலி

ஊதியமோ வணிக நோக்கமோ இன்றி, அறிவார்வத்தால் வானொலி நிலையம் அமைத்துப் பிறருடன் உரையாடுவோரே ஹாம் எனப்படுவர். இந்தியாவில் இம்முயற்சி 1920களிலேயே கொல்கத்தாவில் தொடங்கிவிட்டது. தமிழ்நாடும் பின்தங்கவில்லை. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் 1927இல் அது நின்றது. அதன் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட, 1930இல் மாநகராட்சி அதைக்கொண்டு ஒலிபரப்பத் தொடங்கியது. அரசு வானொலி வருவதற்கு முன்பே ஆர்வலர்களின் குரல் சென்னை வானில் ஒலித்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

இன்று 12 வயது நிரம்பிய எவரும் ஹாம் ஆகலாம். ஒன்றியத் தகவல்தொடர்பு அமைச்சகத்தின் கம்பியில்லாத் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவு தேர்வு நடத்தி உரிமம் வழங்குகிறது. வானொலியின் அடிப்படை அறிவியலும் ஒழுங்குவிதிகளும் தேர்வுக்குரிய பாடங்கள். பொதுநிலை உரிமம் வேண்டுவோர் மோர்ஸ் குறியீட்டிலும் தேர்ச்சி பெற வேண்டும். வென்றவருக்கு உலகில் வேறு எவருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறி கிடைக்கும். இந்தியர்களின் அழைப்புக்குறி பெரும்பாலும் 'வி.யு.' என்று தொடங்கும். உரிமம் இன்றி இக்கருவியில் ஒலிபரப்புவது சட்டப்படி குற்றம். பேரிடர் நேரத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று எவரும் இருந்துவிடுதல் கூடாது.

2004 டிசம்பரில் நிகழ்ந்தது

ஹாம் வானொலியின் பயனை இந்தியா முழுவதும் உணர்ந்த நாள் 2004 டிசம்பர் 26. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் பல ஆண்டுகளாக ஹாம் வானொலிக்கு இசைவு வழங்கப்படாமல் இருந்தது. தொடர்ந்து முயன்று இசைவு பெற்ற பாரதி பிரசாத் என்னும் ஹாம், தம் குழுவினருடன் அம்மாதத் தொடக்கத்தில் போர்ட் பிளேரை அடைந்தார். தங்கும் விடுதி ஒன்றில் நிலையம் அமைத்து, 'வி.யு.4 ஆர்.பி.ஐ.' என்னும் அழைப்புக்குறியில் உலகெங்கும் உள்ள ஹாம்களுடன் பேசிவந்தார். அரிதான இடத்திலிருந்து பேசுவது ஹாம்களுக்கு ஒரு விளையாட்டு. அவ்விளையாட்டுக்காகவே அக்குழு அங்கே சென்றிருந்தது.

26ஆம் நாள் காலை ஆறரை மணியளவில் நிலம் நடுங்கியது. அடுத்து ஆழிப்பேரலை வந்தது. தீவுகளுக்கும் பெருநிலப்பகுதிக்கும் இடையிலான தொலைபேசித் தொடர்பு குலைந்தது. அந்நிலையில், விளையாட்டுக்காகக் கொண்டுசெல்லப்பட்ட கருவிகளே செய்திப் பாதையாயின. தீவில் இருந்தோர் உயிருடன் இருக்கும் செய்தி பெருநிலத்து ஹாம்களின் வழியாக உறவினர்களைச் சென்றடைந்தது. பின்னர்க் கார் நிக்கோபாரிலும் ஒரு நிலையம் அமைக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், இலங்கையின் தென்கரையில் சிதைந்துபோன அம்பாந்தோட்டையிலும் அந்நாட்டு ஹாம்கள் சிற்றலை நிலையம் நிறுவித் தலைநகருடன் தொடர்பு ஏற்படுத்தினர். அதற்கு முன்னர் 1999 ஒடிசா பெரும்புயலிலும் 2001 குஜராத் நிலநடுக்கத்திலும் ஹாம்கள் இவ்வாறே உதவியிருந்தனர்.

போர்ட் பிளேர் நிகழ்வில் ஓர் உண்மை எளிதில் கவனத்திற்கு வாராது. அக்குழு பேரிடருக்காக அங்கே செல்லவில்லை. கருவிகள் ஏற்கெனவே நிறுவப்பட்டு, சோதிக்கப்பட்டு, இயங்கிக்கொண்டிருந்தன. எங்கும் அப்படி ஒரு குழு தற்செயலாக வந்து அமர்ந்திருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. ஆகவேதான் எடுத்துச் செல்லத்தக்க பெட்டி தேவைப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2005 மே 5 அன்று சிறீஅரிக்கோட்டாவிலிருந்து 'ஹாம்சாட்' என்னும் சிறு செயற்கைக்கோளை ஏவியது. தெற்காசிய ஹாம்களுக்கென்றே அமைக்கப்பட்ட அது, 2014 வரை அவர்களின் குரலை விண்ணிலிருந்து எதிரொலித்தது.

முதல் கருவி: கைவானொலி

பெட்டிக்குள் முதலில் இடம்பெறுவது கையடக்கமான வானொலி. இந்தியாவில் ஹாம்களுக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கப்பட்டுள்ள மீஉயர் அதிர்வெண் பட்டையில் இது இயங்கும். ஆற்றல் 5 வாட் அளவுதான். ஆனால் ஊருக்குள் படகுக்கும் முகாமுக்கும் இடையே பேச இதனினும் எளிய கருவி இல்லை.

இவ்வலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்லும் இயல்புடையவை. புவியின் வளைவு அவற்றை மறைத்துவிடும். இரு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் அளந்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கண்டு, இரண்டையும் கூட்டி 4.12ஆல் பெருக்கினால் அலை எட்டும் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். தரையில் நிற்கும் இருவரின் கைவானொலிகள் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், அத்தொலைவு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். தூத்துக்குடிக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஆகவே கையில் பிடித்தபடி எவ்வளவு உரக்கப் பேசினாலும் பயனில்லை. இரு முனைகளிலும் ஆன்டெனாவை 15 மீட்டர் உயர்த்தினால் கணக்கு 32 கிலோமீட்டரைத் தொடுகிறது. இடையில் கட்டடங்களும் மரங்களும் குறுக்கிடுவதால் கணக்கில் வருவது முழுவதும் கைக்கு வாராது. எனினும் முயலத்தக்க தொலைவுக்குள் அது வந்துவிட்டது.

15 மீட்டர் உயரத்துக்கு எங்கே போவது? பள்ளி மாடி, தேவாலயக் கோபுரம், பள்ளிவாசல் மினாரா, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை உரியவர் இசைவுடன் பயன்படுத்தலாம். இம்மாவட்டத்தின் தேரிக்காடுகளுக்கு வேறொரு கொடையும் உண்டு: பனை. நன்கு வளர்ந்த பனை 15 மீட்டரையும் தாண்டும். புயல் காற்றில் தென்னை சாயும் இடங்களிலும் பனை நிற்பதை இக்கரை மக்கள் அறிவர். எனினும் மின்கம்பி அருகே உள்ள மரத்தையோ கட்டடத்தையோ நாடுதல் கூடவே கூடாது; இடிமின்னல் ஓயும் வரை எதையும் உயர்த்துதலும் கூடாது. நனைந்த பனையில் ஏறுவதும் தேர்ந்தவர்க்கே உரிய வேலை.

ஆகவே பெட்டியில் கைவானொலியுடன் தனியாக ஓர் ஆன்டெனாவும் வைக்கப்படுகிறது. 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் ஏறக்குறைய அரை மீட்டர். அவ்வளவு நீளமுள்ள ஒரு நேர்க்கம்பியும் அதனடியில் சாய்ந்து விரியும் நான்கு கம்பிகளும் போதும். பழைய குடைக் கம்பியிலும் செய்யலாம். இந்த ஆன்டெனாவைக் கருவியுடன் இணைப்பது கோ-ஆக்சியல் கேபிள். இங்கே ஒரு விலை கொடுக்க நேர்கிறது. எளிதில் கிடைக்கும் மெல்லிய ஆர்.ஜி.-58 வகைக் கேபிளில் 15 மீட்டர் கடப்பதற்குள் இவ்வலையின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி வெப்பமாக வீணாகிறது. 5 வாட் புறப்பட்டால் உச்சியை அடைவது இரண்டரை வாட். தடித்த கேபிள் இழப்பைக் குறைக்கும். ஆனால் சுமை கூடும். கற்றுக்குட்டிகள் இந்த இழப்பைக் கண்டு அஞ்சிக் கேபிளைக் குறுக்கிவிடுவதுண்டு. அது பிழை. கேட்கும் தொலைவில் நின்று தாழ்ந்த குரலில் பேசுவது, கேளாத் தொலைவில் நின்று கத்துவதைவிட மேலானது.

இரண்டாம் கருவி: வானைத் தொட்டுத் திரும்பும் அலை

மாவட்டமே துண்டிக்கப்பட்டால் மதுரைக்கும் சென்னைக்கும் பேச வேண்டியிருக்கும். அதற்குச் சிற்றலைக் கருவி வேண்டும். 7 மெகாஹெர்ட்ஸ் பட்டை இதற்கு ஏற்றது. ஆசிய-பசிபிக் பகுதி ஹாம்கள் நெருக்கடி உரையாடலுக்கென்று 7.110 மெகாஹெர்ட்ஸைக் குறித்து வைத்திருக்கின்றனர், இரவுக்கு 3.600 மெகாஹெர்ட்ஸும், கடல்கடந்து பேச 14.300 மெகாஹெர்ட்ஸும் அவ்வாறே குறிக்கப்பட்டுள்ளன.

புவிப்பரப்பிலிருந்து நூறு கிலோமீட்டர் முதல் சில நூறு கிலோமீட்டர் வரையிலான உயரத்தில், கதிரவனின் கதிர்களால் அயனியாக்கம் பெற்ற அடுக்குகள் உள்ளன. சிற்றலைகள் அவற்றில் பட்டு வளைந்து மீண்டும் தரைக்குத் திரும்புகின்றன. ஆன்டெனாவை மிக உயரத்தில் கட்டினால் அலை அடிவானத்தை நோக்கித் தாழ்வாகச் சென்று, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கும். ஐரோப்பாவுடன் பேச விரும்புவோர்க்கு அது நன்று. ஆனால் அந்த அலை திருநெல்வேலியையும் மதுரையையும் தலைக்குமேலே தாண்டிச் சென்றுவிடும். வெள்ளத்தில் தேவைப்படுவது பக்கத்து மாவட்டமே அன்றிப் பாரிஸ் நகரம் அன்று.

இதற்கு ஹாம்கள் கண்ட வழி வியப்புக்குரியது. கைவானொலிக்கு ஆன்டெனாவை உயர்த்தியவர்கள் இங்கே அதைத் தாழ்த்துகிறார்கள். ஆன்டெனாவை 4 அல்லது 5 மீட்டர் உயரத்திலேயே கட்டினால் அலையின் பெரும்பகுதி ஏறத்தாழச் செங்குத்தாக மேலெழும். தோட்டத்தில் நீர்க்குழாயை வானோக்கிப் பிடித்தால் நீர் சுற்றிலும் பொழிவதுபோல, மேலே சென்ற அலை வளைந்து நாற்புறமும் இறங்கும். நிலையத்தைச் சுற்றி ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வரை இடைவெளியின்றிக் கேட்கும். மலையும் கட்டடமும் இதைத் தடுப்பதில்லை. 130 கிலோமீட்டரில் மதுரை இதற்குள் அடங்குகிறது. 530 கிலோமீட்டரில் உள்ள சென்னை சற்றே அப்பால் இருந்தாலும் பகலில் எட்டக்கூடியதே.

ஆன்டெனாவைச் செய்வது எளிது. 143 என்னும் எண்ணை மெகாஹெர்ட்ஸ் அளவால் வகுத்தால் அரை அலைநீளக் கம்பியின் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1ஆல் வகுத்தால் ஏறத்தாழ 20 மீட்டர். அதை நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்து மீட்டராக்கி, வெட்டிய இடத்தில் கேபிளை இணைக்க வேண்டும். நிலத்துக்கு அருகே கட்டும்போது இந்நீளம் சிறிது மாறும். எனவே ஒவ்வொரு பக்கமும் அரைமுழம் கூட்டியே வெட்டி, நிலை அலை விகிதத்தை அளவியால் பார்த்து, மடித்துச் சரிசெய்வர். அலையில் பெரும்பகுதி ஆன்டெனாவுக்குச் செல்கிறதா, கருவிக்கே திரும்பிவந்து அதைச் சுடுகிறதா என்பதை அவ்வளவி காட்டும்.

கம்பியை மரக்கிளையின்மேல் செலுத்தும் கலையில் மீனவருக்கு ஈடு எவருமில்லை. தங்கூசி எனப்படும் நைலான் இழையின் முனையில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டைக் கட்டி வீசினால், கிளைக்கு அப்பால் போய் விழும். இழையின் மறுமுனையில் கயிற்றையும் கயிற்றில் கம்பியையும் கட்டி இழுத்தால் வேலை முடிந்தது. ஈரத்தில் இறுகாமலும் நழுவாமலும் நிற்கும் முடிச்சுகளையும் அவர்களிடமே கற்கலாம். சங்கு குளிக்கும் படகிலும் மீன்பிடி வள்ளத்திலும் பல தலைமுறைகளாகப் பயின்ற கைகள் அவை.

இக்கரைக்கே உரிய ஓர் இடர்ப்பாடும் உண்டு. தென்தமிழ்நாடு புவிக்காந்த நடுவரைக்கு மிக அருகில் அமைந்துள்ளது. அக்காரணத்தாலேயே 1963இல் இந்தியாவின் முதல் ஆய்வு ஏவூர்தி கேரளத்தின் தும்பாவிலிருந்து செலுத்தப்பட்டது. திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இயங்குவதும் அதனால்தான். இந்நடுவரையின்மேல் கதிரவன் மறைந்தபின் அயனி அடுக்கு அமைதியாக இருப்பதில்லை. கொதிக்கும் உலையில் எழுவனபோலக் குமிழ்கள் எழுந்து அதைக் கலைக்கின்றன. சம இரவு பகல் வரும் மாதங்களை ஒட்டி இது மிகுதி. அப்போது மறுமுனைக் குரல் நடுங்கும். தேய்ந்து மறைந்து மீளும். கருவி பழுதாயிற்று என்று புதியவர் திகைப்பார். ஆகவே இன்றியமையாத செய்திகளைப் பொழுது சாய்வதற்குள் அனுப்பிவிடுதல் நன்று. இருட்டிய பின் 7 மெகாஹெர்ட்ஸ் அலை மேலடுக்கைத் துளைத்து வெளியேறினால், 3.6 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். அதற்குக் கம்பி பக்கத்துக்கு இருபது மீட்டர். அதையும் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்திருக்க வேண்டும்.

மின்கலனும் சொற்சிக்கனமும்

பெட்டியின் எடையில் பெரும்பங்கு மின்கலனுக்குரியது. 12 வோல்ட், 20 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலன் ஒன்றை எடுத்துக்கொள்வோர், அதில் 18 ஆம்பியர்-மணியை நம்பிச் செலவிடலாம். 20 வாட் ஆற்றலுள்ள சிறு கருவி கேட்கும்போது அரை ஆம்பியருக்குச் சற்று மேலும், பேசும்போது 8 ஆம்பியர் வரையும் மின்னோட்டம் கொள்ளும். மணிக்குப் பத்து நிமிடம் பேசினால் செலவு 2 ஆம்பியர்-மணிக்கும் குறைவு. மின்கலன் ஏறத்தாழ 10 மணி நேரம் தாங்கும். பேச்சை இருபது நிமிடமாக்கினால் அது 6 மணி நேரத்திலேயே ஓய்ந்துவிடும். சொற்சிக்கனம் இங்கே நாகரிகம் மட்டுமன்று. நான்கு மணி நேர வாழ்வு.

கதிரவ மின்பலகையும் உடன் வைக்கலாம். ஆனால் வெள்ளம் வரும் நாளில் வெயில் வருவதில்லை. மழைமேகத்தின்கீழ் ஐம்பது வாட் பலகை தரும் மின்சாரம் அதன் பெயரிலுள்ள எண்ணுக்கு அருகில் கூட வாராது. அதனினும் பயனுள்ளவை இரண்டு கவ்விகள் பொருத்திய ஒரு மின்வடம். மோட்டார் சைக்கிள், ஆட்டோ, படகு ஆகியவற்றின் மின்கலனில் அக்கவ்விகளைப் பொருத்திக் கருவியை இயக்கலாம். நேர்மின்வாய்க் கம்பியில், மின்கலனுக்கு அருகிலேயே ஃபியூஸ் இருத்தல் வேண்டும். அவசரத்தில் கம்பிகள் உரசிக்கொண்டால் தீப்பற்றுவது நொடிப்பொழுதில் நிகழ்ந்துவிடும்.

உப்புக்காற்று இக்கரையில் கண்ணுக்குத் தெரியாத பகை. முத்துநகரில் சன்னலோரம் வைத்த இரும்புப் பொருள் சில வாரங்களில் நிறம் மாறுவதைக் காணலாம். இணைப்பிகளின் உலோகத்தில் படியும் பச்சை மாசு, அலையைப் பாதியிலேயே விழுங்கிவிடும். ஆகவே பெட்டி ரப்பர் விளிம்புடன் இறுக மூடுவதாக இருக்க வேண்டும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வேண்டும். வெளியே தொங்கும் இணைப்பிகளை ரப்பர் நாடாவால் சுற்ற வேண்டும். மேலிருந்து இறங்கும் கேபிள் அறைக்குள் நுழையுமுன் ஒரு வளைவாகத் தொங்கினால் மழைநீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். இவற்றுடன் காதணி ஒலிவாங்கி, கைவிளக்கு, திருப்புளி, குறடு, மின்நாடா, காகிதம், பென்சில் ஆகியனவும் சேரும். காதணி வேண்டுவது ஏன் என்றால், முகாமின் அழுகுரல்களுக்கிடையே ஒலிபெருக்கியில் எதுவும் விளங்காது. அன்றியும் ஒருவரைப் பற்றிய துயரச் செய்தியை அறையிலுள்ள அனைவரும் ஒருசேரக் கேட்டல் தகாது.

எண்பதும் ஒன்பதும்

கருவிகள் அனைத்தும் சரியாக அமைந்தாலும் செய்தி தவறினால் உயிர் தவறும். இரைச்சலுக்கிடையே 'எண்பது', 'ஒன்பது', 'ஐம்பது' ஆகிய மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும். எண்பது பேருக்கு உணவு கேட்ட முகாமுக்கு ஒன்பது பொட்டலம் போய்ச் சேரலாம். ஆகவே எண்களை ஓரிலக்கமாகச் சொல்வது மரபு: 'எட்டு, சுழியம்.' ஊர்ப்பெயர்களும் ஏமாற்றும். ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் கருங்குளமும் உண்டு, பெருங்குளமும் உண்டு. பாதிச் சொல் காற்றில் போனால் படகு தவறான ஊருக்குத் திரும்பும். ஐயமுள்ள பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி, அருகிலுள்ள அடையாளத்தையும் சேர்த்துச் சொல்வது வழக்கம்.

பயிற்சிக்குரிய ஒரு செய்தி இவ்வாறு அமையலாம்: "செய்தி எண் மூன்று. நேரம் பதினான்கு முப்பது. அனுப்புவது பெருங்குளம் பள்ளி முகாம். பெறுவது மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. மக்கள் எட்டு சுழியம். குழந்தைகள் ஒன்பது. இன்சுலின் தேவைப்படுவோர் ஒருவர். குடிநீர் இல்லை. செய்தி முடிந்தது." கேட்டவர் அதை எழுதி, எழுதியதை அப்படியே திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். அனுப்பியவர் 'சரி' என்ற பிறகே செய்தி சென்றதாகப் பொருள். இரு ஹாம்களின் நாட்குறிப்பிலும் நேரம் பதிவாகும். பலர் ஒரே அலைவரிசையில் இருக்கையில், ஒருவர் மட்டுமே நெறியாளராக இருந்து பேசும் முறையை ஒதுக்குவார். தாம் காணாததைச் சொல்லுதல் இங்கே பெருங்குற்றம். அணை உடைந்தது என்று எவரோ கூறியதை ஹாம் தம் குரலில் சொன்னால் அது செய்தியாகிவிடும்.

கடலில் இருப்போர்

கரையில் உள்ளோரின் நிலை இதுவாயின் ஆழ்கடலில் உள்ளோர் நிலை என்ன? 2017 நவம்பர் 30 அன்று குமரிமுனை அருகே ஒக்கி புயல் உருவாகியபோது, முன்னரே கடலுக்குள் சென்றிருந்த மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கைப்பேசி கரையை விட்டு அகன்றதும் ஓய்ந்துவிடும். படகிலுள்ள கடல்சார் வானொலியும் நேர்க்கோட்டு அலையையே நம்புவது. படகின் ஆன்டெனா 5 மீட்டரும் கரையின் ஆன்டெனா 30 மீட்டரும் உயர்ந்திருந்தாலும், முன்னர்க் கண்ட கணக்கின்படி எட்டுவது 32 கிலோமீட்டர். ஆழ்கடல் மீனவர் அதைப் போல் பத்து மடங்கு தொலைவு செல்பவர். இக்குறையைச் செயற்கைக்கோள் வழிக் கருவிகளே தீர்க்க முடியும்; ஒக்கிக்குப் பின்னர் அம்முயற்சிகள் விரைவு பெற்றன.

கடல்சார் வானொலியையும் ஹாம் வானொலியையும் ஒன்றெனக் கொள்ளுதல் கூடாது. முன்னதன் 16ஆம் அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸில் அமைந்து, கப்பல்களின் அபாய அழைப்புக்கும் பொது அழைப்புக்கும் ஒதுக்கப்பட்டது. ஹாம் உரிமம் அங்கே பேசும் உரிமையைத் தாராது. துறைமுகமும் கடலோரக் காவல்படையும் தமக்குரிய அலைவரிசைகளில் இயங்கும். அவர்களுக்கும் நிலத்திலுள்ள முகாம்களுக்கும் இடையே செய்தி கொண்டுசெல்லும் பாலமாக, கட்டுப்பாட்டு அறையில் அமரும் ஹாம் பயன்படுவார்.

மழைக்கு முன்னர்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்பே பெட்டியைத் திறந்து பார்த்தல் வேண்டும். மின்கலனை முழுவதும் ஏற்றி, வீட்டு மின்சாரத்தை நாடாமல், ஒரு பகல் முழுதும் கருவியை இயக்கிப் பார்ப்பர். மொட்டை மாடியில் அன்றி, முன்பின் அறியாத ஒரு திடலில், கையிலுள்ள கயிற்றையும் கம்பையும் மட்டும் கொண்டு ஆன்டெனாவைக் கட்டிப் பார்ப்பது மேலும் நல்லது. முதன்முறை ஒரு மணி நேரம் ஆகும். நான்கைந்து முறை பழகியபின் இருபது நிமிடம் போதும். நிலைய அமைப்பை அறிந்தவர் ஒருவராக மட்டும் இருந்தால், அவர் வீடே வெள்ளத்தில் சிக்கும் நாளில் பெட்டி பயனற்றுக் கிடக்கும். ஆகவே உரிமம் பெற்ற இன்னொருவருக்கும் அது பழக்கமாகியிருக்க வேண்டும்.

பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். அலைவரிசைகள், கம்பிகளின் நீளம், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண், மின்கலனைக் கடைசியாக ஏற்றிய நாள் ஆகியவை அதில் இருக்கும். அவற்றைப் பென்சிலால் எழுதுவதே வழக்கம். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.